தலகாணி உறை

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிற்பாடு, "ஏன் இந்தப் பொம்பள இம்புட்டுக் கத்துது" என்று யாரும் கேட்கக் கூடாது. ஆனால் இந்த விஷயத்தில் நான் கத்தவே இல்லை. கத்த வேண்டிய இடத்தில் வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன். அதுதான் இன்றுவரை எனக்கு ஆறவில்லை.

நாகல் நகரில் தையல் மிஷின் போட்டு உட்கார்ந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. பள்ளிக்கூட யூனிபார்ம், ஜாக்கெட், நைட்டி, ஓரம் அடிப்பது, ஜிப் மாற்றுவது என்று எது வந்தாலும் தைப்பேன். முதல் மிஷினை வாங்கிக் கொடுத்தது என் அக்கா. எங்கள் அம்மா சீக்கிரமே போய்விட்டாள். எனக்குத் தலை சீவி விட்டது, பாடம் படிக்காததற்கு முதுகில் போட்டது, அழுதால் மூக்கைச் சிந்திவிட்டது எல்லாம் அக்காதான். எங்களுக்குள் ஆறு வயசுதான் வித்தியாசம். ஆனாலும் அவள் ஒரு வார்த்தை சொன்னால் நான் மறுபேச்சு பேசியதில்லை. மற்றவர்கள் என்னிடம் மறுபேச்சு பேசாமல் இருப்பதற்கும் சேர்த்து அவளிடம் அடங்கி இருந்தேன் என்று என் வீட்டுக்காரர் சொல்லுவார்.

அக்காவைக் கட்டிக்கொடுத்தது ஒட்டன்சத்திரம் தாண்டி, தொப்பம்பட்டி போகிற பக்கத்தில் ஒரு ஊரில். முருங்கைத் தோட்டமும் மக்காச்சோளமுமாக வெட்டவெளியாகக் கிடக்கிற பூமி. அவள் வீட்டு மொட்டை மாடியில் ஏறி நின்றால் தூரத்தில் மலை தெரியும், நடுவில் ஒரு புகைபோக்கி தெரியும். பழைய இரும்பை வாங்கி உருக்குகிற ஆலை. அவள் வாழப் போனபோது அது இல்லை.

அது வந்த பிறகு, துவைத்துக் காயப்போட்ட வெள்ளை வேட்டியை எடுத்தால் செம்மண் அப்பியது மாதிரி இருக்கும். முருங்கைக் கீரையை உருவினால் விரல் கறுக்கும். குடத்தை மூடாமல் வைத்தால் தண்ணீர்மேல் ஒரு ஏடு படியும். அதெல்லாம்கூடக் கழுவினால் போய்விடும். கழுவ முடியாதது அக்காவின் நெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டது. நாலு படி ஏறினால் இளைப்பு. மூச்சு விடும்போது உள்ளே ஒரு விசில் சத்தம். போன் போட்டால் "ஏடி" என்று கூப்பிடுவதற்கு முன்னால் விசில்தான் கேட்கும். டாக்டர் வாயில் வைத்து இழுக்கிற மருந்து எழுதிக்கொடுத்து, "புகை, தூசிப் பக்கம் போகாதீங்க" என்றாராம். அக்கா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

"நான் எங்கடி போறேன்? அதுதான என் வீட்டுக்கு வருது."

ஊர் ஜனமும் சும்மா இருக்கவில்லை. மனுக் கொடுத்தார்கள், பஸ்ஸை மறித்தார்கள். கடைசியில் ஆலைக்காரர்கள் இறங்கிவந்து, புகையை வடிகட்ட பில்டர் வைக்கிறோம், உள்ளூர் ஆட்களுக்கு வேலையும் கொடுக்கிறோம் என்றார்கள். அப்படி வேலை கிடைத்தவர்களில் ஒருவர் என் மச்சான், அக்காவின் வீட்டுக்காரர். அதுவரை ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டிலிருந்து கேரளாவுக்குக் காய்கறி லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். மலைப்பாதையில் ஏறி இறங்கி முதுகெலும்பு தேய்ந்துபோய், இனி லாரி ஏறக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அந்த நேரத்தில் வாசலுக்கே வந்த வேலை. அந்த பில்டரைப் பார்த்துக்கொள்வதுதான் அவருக்கு உத்தியோகம்.

மச்சான் கேலிக்காரர். நான் சின்னப் பெண்ணாக இருந்தபோதே என்னை அழவைத்துப் பார்த்தவர். ஒருநாள் திடுதிப்பென்று என் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"கொழுந்தியா, உனக்கு ஒரு சோலி கொண்டாந்திருக்கேன். ராட்சசன் படுக்கிற தலகாணிக்கு உறை தைக்கணும்."

அவர் விரித்துக் காட்டியதைப் பார்த்து எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. என் உயரத்துக்கு இரண்டு பங்கு நீளம், தொடை அகலம், கம்பளி மாதிரி திண்ணென்ற வெள்ளைத் துணி. ஒரு பக்கம் அடைப்பு, ஒரு பக்கம் வாய். புகையை வடிகட்டுகிற பை அது. ஒவ்வொரு பைக்குள்ளும் ஒரு கம்பிக் கூட்டை நுழைத்து, ஒரு பெரிய இரும்புப் பெட்டிக்குள் வரிசையாகத் தொங்கவிடுவார்களாம். உலையிலிருந்து வருகிற புகை வெளிப்பக்கம் மோதி, தூசியைத் துணியில் விட்டுவிட்டு, காற்று மட்டும் பைக்குள் புகுந்து மேலே போய்ப் புகைபோக்கி வழியாக வெளியேறும். தூசி ஏறினதும் உள்ளிருந்து காற்றை வெடுக்கென்று அடிப்பார்கள். பை உதறிக்கொள்ளும், தூசி கீழே கொட்டும். ஆலையில் எல்லாரும் அதைத் தலகாணி உறை என்றுதான் சொல்கிறார்களாம்.

முதல் தடவை ஆலை இன்ஜினியர் ஒருத்தரும் கூட வந்திருந்தார். கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பிள்ளை. பொறுமையாகச் சொன்னார்.

"கண்ணுக்குத் தெரியற தூசி பரவால்லைங்க, அது மூக்குலயே நின்னுக்கும். தெரியாத தூசி இருக்குது பாருங்க, அதுதான் நெஞ்சோட அடி வரைக்கும் போயிரும். அதைப் புடிக்கத்தான் இந்தத் துணி. ஆனா நீங்க குத்தற ஊசி ஓட்டை பெருசா இருந்தா, அந்த வழியாவே அத்தனையும் போயிருமுங்க."

அந்த வார்த்தை என்னைப் பிடித்துக்கொண்டது. ஊசி ஓட்டை வழியாக அக்காவின் நெஞ்சுக்குள் போகிற தூசி. அதற்குப் பிறகு நான் தைத்ததெல்லாம் தையல் இல்லை, தவம் என்றே சொல்லுவேன். ஒரு வரிக்கு மூன்று வரி ஓட்டினேன். ஒரு பையைத் தைத்து முடித்ததும் ஜன்னலைச் சாத்திவிட்டு, நீள ஒயரில் பல்பைக் கட்டி உள்ளே விட்டுப் பார்ப்பேன். தையல் ஓரத்தில் ஒரு பொட்டு வெளிச்சம் தெரிந்தால் போதும், முழு வரியையும் பிரித்து மறுபடி தைப்பேன். அடைப்புப் பக்கத்துக் கடைசித் தையலை மட்டும் சிவப்பு நூலில் போட்டு முடித்தேன். யாரும் கேட்கவில்லை. இது என் கை வேலை என்று எனக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். பத்துப் பத்தாகச் சுருட்டி, நான் போடுகிற சுருக்கு முடிச்சுப் போட்டுக் கட்டி வைப்பேன். மச்சான் வந்து எடுத்துப்போவார்.

ஊரில் இன்னும் நம்பிக்கை வரவில்லை. துணிப்பை புகையைப் பிடிக்குமா என்று சிரித்தார்கள். மே தினத்துக் கிராம சபையில் இதைப் பேசப்போகிறார்கள், பெண்கள் மறுபடி மறியலுக்குத் தயாராக இருக்கிறார்கள் என்று மச்சான் வந்து சொன்னார். "நீ வந்து ஒரு வார்த்தை சொன்னா கேப்பாங்க கொழுந்தியா. நாங்க சொன்னா ஆலைக்காரன் சோறுன்னுருவாங்க."

போனேன். பள்ளிக்கூட மைதானத்தில் ஷாமியானா போட்டிருந்தார்கள். அத்தனை பேர் முன்னால் பேசி எனக்குப் பழக்கமில்லை. பேசவும் இல்லை, செய்து காட்டினேன். ஒரு பைக்குள் ஒரு படி அடுப்புச் சாம்பலையும் கொஞ்சம் மைதா மாவையும் கொட்டி, மச்சான் கொண்டுவந்த, காற்றடிக்கிற பிளோயரைப் பையின் வாயில் சொருகிக் கயிற்றால் இறுக்கிக் கட்டினேன். சுற்றி நாலு பெண்களை வெள்ளை வேட்டியை விரித்துப் பிடிக்கச் சொன்னேன். சுவிட்சைப் போட்டதும் பை புடைத்துக்கொண்டு எழுந்தது. உள்ளே சாம்பல் பறக்கிற சத்தம் கேட்டது. அணைத்துவிட்டு வேட்டியைப் பார்த்தால் ஒரு பொட்டு இல்லை. எல்லாரும் கை தட்டினார்கள். முன் வரிசையில் இருந்த முருங்கைத் தோட்டக்காரம்மாதான் மறியலுக்கெல்லாம் முன்னால் நிற்கிறவர். அவர் மட்டும் கை தட்டாமல் எழுந்தார்.

"ஏனுங்க, இதே மாதிரி அங்கயும் புடிக்குமுங்களா? நீங்க கேரண்டிங்களா?"

"என் கையால தச்சதுங்க. எங்க அக்கா இந்த ஊர்லதான் மூச்சு விடுறா. நான் கேரண்டி" என்றேன்.

அன்றைக்கு மறியல் பேச்சு நின்றது. அக்கா கூட்டத்தில் இருந்தாள். என்னைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பெருமையில் அழுகிறாள் என்று நினைத்தேன். நான் ஒரு முட்டாள்.

அடுத்த இரண்டு வருஷம் அந்த வேலைதான். மாசத்துக்கு ஒரு தடவை மச்சான் வருவார். வாசலிலேயே நின்று, "கொழுந்தியா, தலகாணி உறை ரெடியா?" என்பார். நான், "ரெடி, ராட்சசனத்தான் காணோம்" என்பேன். ஒவ்வொரு தடவையும் இதே பேச்சு, ஒவ்வொரு தடவையும் சிரிப்பு. சூட்டில் பை சீக்கிரம் நைந்துவிடுகிறது, அதனால் புதுசு புதுசாக வேண்டியிருக்கிறது என்றார். நம்பினேன். புகை இன்னும் வருகிறதே என்றால், "அது வெறும் ஆவி" என்றார். அக்காவுக்கு விசில் குறையவில்லையே என்றால், "இத்தன வருசமா உள்ள போனது வெளிய வர நாளாகுமுல்ல?" என்றார். அதையும் நம்பினேன். எவனாவது கடைக்காரன் ஒரு மீட்டர் துணியில் இரண்டு விரல் குறைத்தால் கண்டுபிடித்துச் சட்டையைப் பிடிக்கிற எனக்கு, சொந்தத்துக்குள் சந்தேகப்படத் தெரியவில்லை.

போன வருஷம் ஆடி மாசம். அவர்கள் ஊர் அம்மன் கோயில் கும்பிடுக்குப் போயிருந்தேன். மத்தியானம் கறிச்சோறு, தொட்டுக்கொள்ள மூணு வெஞ்சனம். தின்றுவிட்டு உட்கார முடியவில்லை. மச்சான் கோயில் பக்கம் போயிருந்தார்.

"செத்த நேரம் கட்டையச் சாயிடி" என்று அக்கா பாயை விரித்து ஒரு நீளத் தலையணையை எடுத்துப் போட்டாள். பூப்போட்ட துணி போர்த்தியிருந்தது. தலையை வைத்தேன். இலவம்பஞ்சு, மெத்தென்று இருந்தது. எந்தத் துணியைத் தொட்டாலும் தையலைத் தடவுவது என் பழக்கம். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவளின் முகம் எனக்கு ஞாபகம் இருக்காது, ஜாக்கெட் கை ஞாபகம் இருக்கும். அப்படியே விரல் பூத்துணிக்குள் நுழைந்து உள் உறையின் ஓரத்தைத் தடவியது. ஒரு வரி. இரண்டு வரி. மூன்று வரி.

எழுந்து உட்கார்ந்துவிட்டேன். பூத்துணியை உருவினேன். வெள்ளைக் கம்பளித் துணி. அடைப்புப் பக்கத்தில் சிவப்பு நூல். மிச்ச நீளத்தை உள்ளே மடித்துவிட்டிருந்தாள்.

"அக்கா, இது என்னது?"

"தலகாணிடி."

"தலகாணின்னு எனக்கும் தெரியுது. இந்த உறை எது?"

அக்கா முந்தானையால் கையைத் துடைத்தாள். கையில் ஈரமே இல்லை. "அது... மிஞ்சுனதுன்னு உங்க மச்சான் கொண்டாந்தாரு."

"மிஞ்சுறதுக்கு நான் என்ன இட்லியா சுட்டுக் குடுத்தேன்? கேட்டதத்தான தச்சேன்."

அவள் பூத்துணியை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள். விசில் மட்டும் கேட்டது. நான் உறையைப் பிரித்துப் பஞ்சை ஒதுக்கி உள்ளேயும் வெளியேயும் பார்த்தேன். புகை பட்ட துணி எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், மச்சான் ஒரு தடவை மாதிரிக்குக் கொண்டுவந்து காட்டியிருக்கிறார். கரியும் துருவும் அப்பி, தொட்டால் கை விடாது. இது பால் மாதிரி வெள்ளையாக இருந்தது. ஒரு மூச்சுப் புகைகூட இதன்மேல் பட்டதில்லை.

பரண்மேல் ஏறினேன். அக்கா, "வேணாம்டி, வேணாம்டி" என்றாள். ஒரு சாக்கு மூட்டைக்குள் இன்னும் மூன்று கட்டு இருந்தது. பத்துப் பத்தாகச் சுருட்டியது. நான் போட்ட சுருக்கு முடிச்சு அவிழ்க்கப்படாமல் அப்படியே இருந்தது.

மெதுவாக விஷயத்தை வாங்கினேன். முதல் தடவை எல்லாப் பையையும் மாட்டியிருக்கிறார்கள். அதிகாரிகள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அப்புறம், பை இருந்தால் புகையை உறிஞ்சுகிற காற்றாடி இழுக்கமாட்டேன் என்கிறது, கரண்டைத் தின்கிறது, உலை மந்தமாக ஓடுகிறது என்று கழற்றிவிட்டார்கள். சொல்லிவிட்டு வருகிற அதிகாரிக்காக மட்டும் மாட்டுவது, அவர் போனதும் கழற்றுவது. அதிகாரிகளிடம் காட்ட வாங்கியதற்குச் சீட்டு இருக்க வேண்டும் என்பதற்காக என்னிடம் வாங்கிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். மாட்டுவதும் கழற்றுவதும் மச்சான். மூட்டையை வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்ததும் மச்சான்.

ஆத்தாடி! இரண்டு வருஷமாக அந்த மனுஷன் வாசலில் நின்று தலகாணி உறை, தலகாணி உறை என்று உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார். நான்தான் கேலி என்று சிரித்திருக்கிறேன். ஊசி ஓட்டைக்குப் பயந்து பல்பு வெளிச்சத்தில் கண்ணைக் கெடுத்துக்கொண்டு பிரித்துப் பிரித்துத் தைத்தேன். அங்கே கதவையே திறந்துவைத்துப் புகையை அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

"உனக்கு எப்பத் தெரியும்?" என்று கேட்டேன்.

"மொதல்லருந்தே தெரியும்."

"நான் கூட்டத்துல கேரண்டின்னு சொன்னப்ப?"

அக்கா தலையாட்டினாள். "அதுக்கு முன்னாடியே கழட்டிட்டாங்கடி."

 மச்சான் மட்டும் ஏமாற்றியிருந்தால் நான்கு வார்த்தை கேட்டுவிட்டுப் போயிருப்பேன், அவர் வெளியிலிருந்து வந்தவர். இவள் எனக்குத் தலை சீவி விட்டவள். நான் ஊர் முன்னால் நின்று பொய் சாட்சி சொல்வதைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறாள். அதுவும் யாருடைய நெஞ்சுக்காக?

"உன் மூச்சுக்குத்தானக்கா தச்சேன்" என்றேன். அழுகையில் குரல் கீச்சென்று வந்தது.

"அவரு வேல போச்சுன்னா மறுபடி லாரி ஏறணும். அந்த முதுகு தாங்குமா, சொல்லு. எனக்கு இந்த இளைப்பு பழகிருச்சுடி."

"ஊருக்கும் பழகணுமா?"

 நான் பஞ்சை எல்லாம் பாயிலேயே கொட்டிவிட்டு உறையை மடித்து என் பையில் வைத்துக்கொண்டேன். அடுத்த வாரம் ஆகஸ்ட் பதினைந்து, கிராம சபை. அங்கே சொல்லப்போகிறேன் என்றேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சொல்லு. எங்க வீட்ல எடுத்தேன்னு மட்டும் உன் வாயால சொல்லிராத."

"சொல்ல மாட்டேன். ஆனா யாராச்சும் உன்னையக் கேட்டா?"

"என்னையக் கேட்டா நான் பொய் சொல்ல மாட்டேன்டி. நெசத்தச் சொல்றேன். சத்தியமா."

அந்தச் சத்தியத்தை நம்பித்தான் போனேன். அதே மைதானம், அதே ஷாமியானா. கொடியேற்றி மிட்டாய் கொடுத்து முடிந்ததும் எழுந்து உறையைத் தூக்கிக் காட்டினேன். புகைபோக்கியில் இருக்க வேண்டிய பை இப்படி வெள்ளை வெளேரென்று வெளியே சுற்றுகிறது, இது என் தையல், மூன்று வரி, சிவப்பு நூல், பை மாட்டவே இல்லை, நான் கொடுத்த கேரண்டி பொய்யாகிவிட்டது, என்னை மன்னியுங்கள் என்றேன். கூட்டம் கசகசவென்று பேச ஆரம்பித்தது.

ஆலை சார்பில் வந்திருந்த மச்சான் எழுந்தார். கோபமே இல்லை. சிரித்த முகம்.

"எங் கொழுந்தியாதாங்க. தையல்ல கெட்டி. அது தையல்தான் இது, நான் இல்லேங்கல. ஆனா எல்லா உறையும் அது வீட்ல இருந்துதான வருது? ஒண்ணக் கையோட எடுத்துட்டு வரக் கஷ்டமா? வேற எடத்துல தைக்கக் குடுக்கப்போறோம்னு சொன்னோம், அந்தக் கோவம்."

அப்படி எதுவும் அவர் சொன்னதில்லை. நான் வாயைத் திறப்பதற்குள், "கோவத்துல எங்க கொழுந்தியா ரொம்ப அழகா இருக்கும்" என்று வேறு சொன்னார். ஜனம் சிரித்தது. எனக்கு அடையாளத்துக்குப் போட்ட சிவப்பு நூல், அன்றைக்கு எனக்கு எதிராகச் சாட்சி சொன்னது.

முருங்கைத் தோட்டக்காரம்மா எழுந்தார். "அன்னைக்குக் கேரண்டின்னீங்க. இன்னைக்கு இல்லீங்கறீங்க. நாங்க எதைங்க நம்பறது? இது உங்களுக்கு எங்க கெடைச்சுதுங்க?"

எங்கே கிடைத்தது. வாக்குக் கொடுத்திருந்தேன். "கிடைச்சுச்சு" என்றேன். அது என் காதுக்கே திருட்டுப் பேச்சாகக் கேட்டது.

அந்த அம்மாள் என்னை விட்டுவிட்டு அக்கா பக்கம் திரும்பினார். "ஏனுங்க, உங்க தங்கச்சிதான? உங்க வீட்டுக்காரருதான் அங்க வேலை பாக்குறாரு. நீங்க சொல்லுங்க. இது நெசங்களா?"

கேட்டுவிட்டார்கள். நேராக, பெயர் சொல்லாத குறையாக, அத்தனை பேர் முன்னால் கேட்டுவிட்டார்கள். நான் அக்காவைப் பார்த்தேன். அவள் எழுந்து நின்றாள். படியேறாமலே இளைத்தது. இழுக்கிற மருந்து டப்பாவைக் கைக்குள் மூடிப் பிடித்திருந்தாள். மச்சானைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. மண்ணைப் பார்த்தாள்.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க" என்றாள்.

நான் உறையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நடந்தேன். மூக்கில் அக்காவின் தலை எண்ணெய் வாசம் அடித்தது. அந்தத் துணி முழுக்க அவள் தலை வாசம்தான். அங்கேயே திரும்பிப்போய், "யார் தலை எண்ணெய்னு மோந்து பாருங்கடா" என்று முகத்துக்கு நேரே நீட்டியிருந்தால் கதை முடிந்திருக்கும். நீட்டவில்லை. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த பெண், "தலகாணித் துணியாக்கா? கெட்டியா இருக்கே" என்றாள். ஆமாம் என்றேன்.

வீட்டுக்காரர் ஆட்டோ ஓட்டுகிறவர், நாலும் தெரிந்தவர். "குடும்பத்துக்குள்ள வேணாம்டி, விட்ரு" என்றார். விட்டிருப்பேன். ஆனால் அன்று சாயங்காலம் பள்ளிக்கூட யூனிபார்ம் ஒன்றைக் கையில் எடுத்தபோது, அந்த ஊரிலும் இதே அளவுச் சட்டை போட்ட பிள்ளைகள் மூச்சு விடுகின்றன என்று தோன்றியது. அதற்கும் நான்தானே கேரண்டி சொன்னேன்? அடுத்த திங்கட்கிழமை, மனு நாளில், அவரே ஆட்டோவில் கலெக்டர் ஆபீசில் கொண்டுபோய் இறக்கிவிட்டார். மனு எழுதித் தருகிறவர் உறையைப் பார்த்துவிட்டு, "எங்கம்மா கிடைச்சது? எடத்த எழுதணுமே" என்றார். "கிடைச்சதுன்னு மட்டும் போடுங்கய்யா" என்றேன். சொல்லாமல் போய்ப் பாருங்கள், பெட்டியைத் திறந்து பாருங்கள் என்று இரண்டு தடவை எழுதச் சொன்னேன். உறையை மனுவோடு சேர்த்துக் கொடுத்துவிட்டு, ஒரு சீட்டு வாங்கிக்கொண்டு வந்தேன்.

மச்சான் அதற்குப் பிறகு வரவில்லை. அக்கா போன் செய்யவில்லை. நானும் செய்யவில்லை. பழையபடி யூனிபார்ம், ஓரம் அடிப்பது, ஜிப். கனத்த துணிக்காக வாங்கிய பெரிய மிஷின்மேல் துணி மூட்டையைப் போட்டு வைத்தேன். பகலில் யாராவது வாசலில் வந்து நின்றால் தலகாணி உறை ரெடியா என்று கேட்கப்போகிறார் என்று ஒரு கணம் தோன்றும். தோன்றியதற்காக என்மேலேயே ஆத்திரம் வரும்.

தீபாவளி கழிந்து, மழையும் விட்ட பிறகு முருங்கைத் தோட்டக்காரம்மாவிடமிருந்து போன் வந்தது. பேத்திக்குப் பாவாடை தைக்க வேண்டுமாம். பேச்சோடு பேச்சாகத்தான் சொன்னார். ஒருநாள் அதிகாரிகள் சொல்லாமல் கொள்ளாமல் வந்து, ஏணியில் ஏறி பில்டர் பெட்டியைத் திறந்திருக்கிறார்கள். உள்ளே வெறும் கம்பிக் கூடுகள். நான் தைத்த பைகள் சூட்டில் கிழிந்துவிட்டதால் கழற்றி வைத்ததாக மச்சான் ஊரில் சொல்லியிருக்கிறார். ஆலையை மூடி வைத்து, கோயம்புத்தூரிலிருந்து புதுப் பைகள் வரவழைத்து மாட்டி, இனி கழற்றினால் தெரிகிற மாதிரிப் புகைபோக்கியில் ஒரு மீட்டரும் வைத்த பிறகுதான் திறக்க விட்டார்களாம்.

"இப்பப் புகையே தெரியறதில்லைங்க" என்றார். எனக்கு நெஞ்சு நிறைந்தது. அடுத்த வார்த்தை என்னைப் பற்றி வரும் என்று காத்திருந்தேன். "எல்லாம் உங்க மச்சான் பாத்துக்கறாருங்க. அந்தப் பொட்டியப் பத்தி அவருக்குத்தான் தெரியுமாம், அவரையே பெரிய ஆளாப் போட்டுட்டாங்க. சனவரி இருவத்தாறு கூட்டத்துல பொன்னாடை போடறதா இருக்கோமுங்க."

போனை வைத்துவிட்டுச் சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தேன். அப்புறம் கையில் இருந்த கத்தரிக்கோலைச் சுவரில் எறிந்தேன். காரை பெயர்ந்த தழும்பு இன்னும் இருக்கிறது.

பொன்னாடையும் போட்டார்கள். அதற்கு இரண்டு நாள் கழித்து அக்கா போன் செய்தாள். ஐந்து மாசத்துக்குப் பிறகு முதல் போன். கூட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நேற்றுத்தான் பேசிவிட்டு வைத்தவள் மாதிரி ஆரம்பித்தாள்.

"ஏடி, வெள்ளத்துணி போட்டா வெள்ளையாவே காயுதுடி. முருங்கக்கீர உருவுனா கை கறுக்கல. மாடி வரைக்கும் நிக்காம ஏறிட்டேன் இன்னைக்கு."

"சந்தோசம்க்கா" என்றேன். நிஜமாகவே சந்தோஷம்தான். அதை இல்லை என்று சொன்னால் நான் மனுஷி இல்லை. ஆனால் அந்தச் சந்தோஷத்துக்கு அடியில் வேறொன்று கிடந்து அறுத்தது. என் மானம் அந்த மைதானத்தில் அப்படியே கிடக்கிறது. ஊருக்கு நான் இன்றைக்கும் ஆர்டர் போன கோபத்தில் பொய் சொன்னவள். ஊர் என்ன வேண்டுமானாலும் நினைக்கட்டும். இவள் ஒருத்தி சொன்னால் போதும்.

"அக்கா, ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். ஊருக்குச் சொல்ல வேணாம். மச்சானுக்குத் தெரிய வேணாம். அன்னைக்கு நான் சொன்னது நெசம்னு எங்கிட்ட மட்டும் ஒரு தடவ சொல்லு."

 போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். அக்கா மூச்சு விடுவது கேட்டது. உள்ளே போய், வெளியே வந்து, மறுபடி உள்ளே போனது. விசில் இல்லை. செத்த நேரம் பார்த்தேன், அந்த மூச்சு மட்டும்தான் கேட்டுக்கொண்டிருந்தது.